பதினைந்து ரூபாய்ச் சேவல்

சேவலின் கால்கள் இரண்டையும் வாழைநாரால் கட்டி, கோயில் முற்றத்தில் போட்டிருந்த மேசைமேல் படுக்க வைத்திருந்தார்கள். கருஞ்சிவப்பு உடம்பு, பச்சையாக மின்னும் வால். அதைச் சுற்றிப் பூசணிக்காய்கள், மட்டி வாழைக்குலைகள், மரச்சீனிக் கிழங்கு, ஒரு கூடை முட்டை. அறுப்பின் பண்டிகை ஆராதனை முடிந்து ஏலம் நடந்துகொண்டிருந்தது. உபதேசியார் சேவலைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். அது என்னைத்தான் பார்த்தது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

பத்து நிமிடம் கழித்து அந்தச் சேவல் எனக்குச் சொந்தமாகிவிட்டது. விலை பதினைந்து ரூபாய். அப்போது என் சம்பளம் மாதம் பன்னிரண்டு ரூபாய்.

போன வாரம் இந்தப் பத்தியில் எழுதும்போது, வாலிப வயதில் எங்கள் சபைப் பிள்ளைகளுக்குப் பணத்தைப் பற்றி வகுப்பு நடத்தினேன் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போயிருந்தேன். மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பயன்படும், விரிவாக எழுதுங்கள், உங்களைப் போலப் பண விஷயத்தில் ஒழுங்கானவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறார். ‘ஒழுங்கானவர்கள்’ என்ற சொல்லைப் படித்ததும் எனக்குச் சேவல் கூவுவது காதில் கேட்டது. ஆகவே இந்த வாரம் அதைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன்.

சனிக்கிழமை வாத்தியார்

சுசீந்திரத்திலிருந்து வயல் வரப்பு வழியாக நடந்தால் முக்கால் மணி நேரத்தில் வரும் ஊர் அது. ஒரு பக்கம் நெல், மறுபக்கம் பனை. நான் அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு ஆசிரியர். வயது இருபத்து நான்கு. பள்ளிக்கூடத்தை ஒட்டிய ஒற்றை அறையில் தங்கி நானே பொங்கித் தின்றுகொண்டிருந்தேன்.

நெல் விலை சரிந்துபோயிருந்த வருஷங்கள். கல்யாணத்துக்கு வாங்கிய கடன், ஞானஸ்நான விருந்துக்கு வாங்கிய கடன் என்று சபையில் பாதிப்பேருக்குக் கழுத்துவரை வெள்ளம். இளசுகளாவது தப்பிக்கட்டும் என்று போதகர் ஒரு வகுப்புத் தொடங்க நினைத்தார். அதற்கு என்னைப் பிடித்தார். காரணம் எளிது. எனக்குக் கணக்கு வரும், கல்யாணம் ஆகவில்லை, சனிக்கிழமை சாயங்காலம் வேறு சோலியும் கிடையாது.

பதினான்கு பேர் வந்தார்கள். பனையேறுகிறவர்கள், நெசவுக்குப் போகிறவர்கள், செல்லையா என்ற தச்சன், பிறகு லேஸ் பின்னும் பெண்கள். ஏறக்குறைய எல்லோரும் என் வயது. சிலர் என்னைவிட மூத்தவர்கள். ஆனாலும் நான் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு நிற்பேன்.

முதல் வாரம் வேதத்திலிருந்து உக்கிராணக்காரன் உவமையை எடுத்தேன். அந்தச் சொல்லை விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் கல்யாண வீட்டில் சாமான் அறைக்கு உக்கிராணம் என்றுதான் பெயர். அதன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒருவர் வாசலில் உட்கார்ந்திருப்பார். அரிசி, தேங்காய், இலை எல்லாம் அவர் கை பட்டுத்தான் வெளியே போகும். ஆனால் ஒரு தேங்காய்ச் சில்லுகூட அவருடையது இல்லை. நம் கையில் வருகிற பணமும் அப்படித்தான், வீட்டுக்காரர் வேறு, நாம் சாவி வைத்திருக்கிறவர்கள் மட்டுமே என்றேன். எனக்கே என் பேச்சு ரொம்பப் பிடித்திருந்தது.

கணக்குப் பாடம்தான் திண்டாட்டம். எங்கள் திருவிதாங்கூர் சர்க்கார் ரூபாய்க்கு இருபத்தெட்டுச் சக்கரக் காசு, பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரை. ஆரல்வாய்மொழி எல்லையைத் தாண்டி வியாபாரத்துக்குப் போய்வருகிற பையன்கள் அந்த அரைச் சக்கரம் எங்கே போகிறது என்று கேட்டே ஒரு சாயங்காலம் முழுவதையும் தீர்த்துவிட்டார்கள். அது எங்கே போகிறது என்று எனக்கும் தெரியாது.

இரண்டு பானை, ஒரு பெட்டி

எங்கள் சபைப் பெண்களிடம் பிடியரிசி என்ற வழக்கம் உண்டு. உலையில் இடுவதற்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். மாதம் ஒரு முறை அது கோயிலுக்குப் போகும். பணமே கண்ணில் காணாத வீட்டிலிருந்தும் அப்படிக் காணிக்கை வந்துவிடும்.

அந்த வழக்கத்தை நான் கொஞ்சம் நீட்டினேன். கோயில் பானைக்குப் பக்கத்தில் இன்னொரு பானை வையுங்கள், ராத்திரிச் சோற்றுக்கு உலை வைக்கும்போது அதில் ஒரு பிடி போடுங்கள், அது ஆபத்துக்கு என்றேன். காய்ச்சல், மழை, வேலையில்லாத நாள் எதுவானாலும் அந்தப் பானையைத்தான் தொட வேண்டும். கையில் வருகிற சக்கரத்தை படிப்போ கல்யாணமோ, ஒரு குறிப்பிட்ட ஆவசியத்துக்கென்று வகுப்புப் பெட்டியில் போட வேண்டும். ஆவசியத்துக்கு வைத்ததை ஆபத்துக்கு எடுக்கக்கூடாது. இதை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ, பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள்.

என் அறையில் இரண்டாவது பானை இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முதல் பானையும் இல்லை என்பது தெரிந்திருக்கும். ஊருக்குத்தானே உபதேசம்.

பெட்டிக்குள் ஆளுக்கொரு துணிப்பை, பையில் பெயர்ச்சீட்டு. பெட்டி பள்ளிக்கூட அலமாரியில் இருந்தது. செல்லையா ஒருநாள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மூன்று பூட்டுப் போட்டுத் தருகிறேன், மூன்று பேரிடம் சாவி இருக்கட்டும் என்றான். எனக்குச் சுருக்கென்றது. என்மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டேன். அவன் பெட்டியை அலமாரியில் திருப்பி வைத்தான். நல்ல தச்சன், பாவம், மரத்தைப் பற்றித்தான் பேசியிருக்கிறான். என் அகங்காரத்துக்கு அது புரியவில்லை.

பைகளிலேயே கனமானது எஸ்தருடையது.

எஸ்தர்

எஸ்தருக்கு அப்போது பத்தொன்பது வயது. தகப்பனார் பனையிலிருந்து விழுந்து போய்விட்டார். தாய் அன்னம்மாளும் அவளும்தான் வீட்டில். குண்டுத் தலையணையை மடியில் வைத்து, ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சின்னக் கட்டைகளை அவள் உருட்டிப் பின்னுகிற வேகத்தைப் பார்த்தால் கண் கூசும். பின்னிய லேஸை மிஷன் வெள்ளைக்கார அம்மா வாங்கிக்கொண்டு கூலி தருவார்கள்.

மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. இடம் கிடைத்தால் முன்பணமும் வெள்ளைச் சேலையும் சேர்த்துப் பன்னிரண்டு ரூபாய் கட்ட வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேலாகச் சக்கரம் சக்கரமாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தடவை இடம் தவறினால், தாய்மாமன் குலசேகரத்தில் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளைதான். ரப்பர்த் தோட்டத்தில் மேஸ்திரி. நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மூத்த தாரத்துப் பிள்ளைகள் மூன்று. அதில் மூத்தவளுக்கும் எஸ்தருக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இல்லை.

அறுப்பின் பண்டிகைக்கு முந்தைய வாரம் பன்னிரண்டாவது ரூபாய் முழுசாயிற்று. அதற்கு நன்றியாகத்தான் அன்னம்மாள் தன் வீட்டிலிருந்த ஒரே சேவலைக் கோயிலுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஏலச் சபை

இங்கே என் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவர் ஒரு பண்டிகையில் ஒரு பூசணிக்காயை நான்கு ரூபாய்க்கு ஏலம் எடுத்தார். எங்கள் சபைகளில் ஏலத் தொகையை அடுத்த அறுப்புக்குள் கட்டினால் போதும் என்று வழக்கம். அதனால் வாய் தாராளமாகத் திறக்கும். அப்பாவால் இரண்டு அறுப்பு கழிந்தும் கட்ட முடியவில்லை. பாக்கிக்காரர் பட்டியலைப் பீடத்திலிருந்து வாசிக்கும்போது அப்பா பெயர் வரும். அம்மா முதல் வரிசைப் பாயிலிருந்து கடைசி வரிசைக்கு மாறிக்கொண்டாள். பூசணிக்காயைக் கூட்டு வைத்துத் தின்றது ஒரே ஒரு வேளை.

அதனால்தான் வகுப்பில் ஒரு சட்டம் போட்டேன். கையில் இருப்பதற்குமேல் ஏலம் கேட்கக்கூடாது, கேட்டால் அன்றைக்கே கட்டிவிட வேண்டும். பதினான்கு பேரும் கையை உயர்த்தி ஒப்புக்கொண்டார்கள். நானும் உயர்த்தினேன்.

சேவலை நான் ஒரு ரூபாய்க்குக் கேட்டேன். நியாயமான விலையில் நிறுத்துவது எப்படி என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதாக எண்ணம். சட்டைப்பையில் மூன்று ரூபாய் இருந்தது. கருப்பட்டி வியாபாரி யோசேப்பு இரண்டு என்றார். ஊரிலேயே பெரிய குரல் அவருக்குத்தான், சிரிப்பும் அப்படி. நான் மூன்று என்றேன். அவர் நான்கு என்றார். நான் பேசாமல் நின்றேன். பாடம் அத்தோடு அழகாக முடிந்திருக்க வேண்டும்.

யோசேப்பு என் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“வாத்தியாரே, வகுப்பெடுக்க வாயி போரும். சேவலெடுக்கப் பைசா வேணும், பாத்துக்கிடும்.”

முற்றம் முழுவதும் சிரித்தது. என் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டு பேரும் சிரித்தார்கள். என் வாய் ஐந்து என்று சொல்வதை நானே கேட்டேன். அவர் ஆறு, நான் ஏழு. ஒன்பதில் போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பன்னிரண்டில் செல்லையா என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தான். நான் தட்டிவிட்டேன். பதினைந்து என்றபோது யோசேப்பு கையைக் கூப்பி, சேவல் வாத்தியாருக்கே என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அன்னம்மாள் அழுதுகொண்டிருந்தாள். தன் சேவலுக்குக் கர்த்தர் இத்தனை மதிப்பு வைத்தாரே என்ற சந்தோஷம்.

அடுத்த அறுப்புவரை எனக்குத் தவணை இருந்தது. யோசேப்பாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பார். ஆனால் அன்றைக்கே கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டவன் நான். பட்டியலில் அப்பா பெயர் வாசிக்கப்பட்டது வேறு காதில் ஒலித்தது. இதோ கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். அலமாரியைத் திறந்தேன், பெட்டியைத் திறந்தேன். பதினான்கு பையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து எண்ண நேரமில்லை. ஒரே பையில் பன்னிரண்டு ரூபாய் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வர இன்னும் மூன்று மாதம் ஆகும் என்று அவளே சொல்லியிருந்தாள். இந்த மாதச் சம்பளத்தில் ஆறு, அடுத்த மாதம் ஆறு, திருப்பி வைத்துவிடலாம். இப்படி ஒரு கணக்கை நான் வகுப்பில் யாரிடமாவது கேட்டிருந்தால் காதைத் திருகியிருப்பேன்.

போதகர் கையில் பதினைந்து ரூபாயையும் எண்ணி வைத்தேன். ஒழுங்கான பிள்ளை என்று முதுகில் தட்டினார்.

கூவியது

மறுநாள் திங்கட்கிழமை. காலை மணி அடிக்குமுன் எஸ்தர் பள்ளிக்கூட வாசலில் நின்றாள். ஓடி வந்திருந்தாள். கையில் ஒரு காகிதம்.

“சாரே, எடம் கெடச்சாச்சு. ஒரு பிள்ளை பாதியில நிண்ணுட்டாளாம். வியாழக்கிழமை நான் பணத்தோட அங்க நிக்கணும். இல்லேண்ணா அடுத்த பேரக் கூப்பிடுவாவளாம். பெட்டியத் தொறந்து என் பையத் தருவியளா?”

சேவலை வராந்தாத் தூணில் கட்டிப்போட்டிருந்தேன். அது மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

சாவி என் இடுப்பில்தான் இருந்தது. அறையில் இருக்கிறது என்றேன். அறை பத்தடி தூரம். நான் இங்கே நிற்கிறேன், எடுத்து வாருங்கள் என்றாள். உடனே, இல்லை, சாவியைப் போதகரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன், அவர் நாகர்கோவில் போயிருக்கிறார் என்றேன்.

சேவல் கழுத்தை நீட்டிக் கூவியது.

வேதம் படித்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மூன்று தடவை மறுதலிக்கும்வரை அந்தக் காலத்துச் சேவல் பொறுத்தது. இந்தச் சேவலுக்குக் கணக்குத் தெரியாது. இரண்டாவது பொய்க்கே கூவிவிட்டது. மூன்றாவது பொய் தொண்டைவரை வந்து நின்றுவிட்டது. நாளைக்கு வா என்று மட்டும் சொன்னேன். எஸ்தர் சேவலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சரி சாரே என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விற்கப் புறப்பட்டேன். சம்பளம் வரப் பத்து நாள் இருந்தது. ஊரில் யாரும் அதைத் தொடமாட்டேன் என்றார்கள். பதினைந்து ரூபாய்ச் சேவலை முக்கால் ரூபாய்க்கு வாங்கிக் குழம்பு வைத்தால் தொண்டையில் இறங்குமா என்று ஒரு அம்மா கேட்டாள். சுசீந்திரம் கடைத்தெருவில் ஒருவர் மட்டும் தூக்கிப் பார்த்து, பதினெட்டுச் சக்கரம் தருகிறேன் என்றார். வட்டிக்குக் கொடுப்பவர் வீட்டு வாசல்வரை போனேன். கதவைத் தட்டக் கை எழவில்லை. வட்டியைப் பற்றி நான் நடத்திய பாடத்தில் அவர் வீட்டைத்தான் பெயர் சொல்லாமல் உதாரணம் காட்டியிருந்தேன். திரும்பிவிட்டேன். வரப்பில் சேவல் எனக்கு முன்னால் கயிற்றை இழுத்துக்கொண்டு கம்பீரமாக நடந்தது. எனக்கு அழுகை வந்தது.

ஒரு நாள்

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் நானே எஸ்தர் வீட்டுக்குப் போனேன். அவள் முற்றத்தில் உட்கார்ந்து லேஸ் பின்னிக்கொண்டிருந்தாள். எடுத்த வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று அவசரம். அன்னம்மாள் எனக்கு உட்காரப் பலகை போட்டாள். சேவல் நன்றாகத் தின்கிறதா என்று விசாரித்தாள்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பையை எடுத்தது, ஏலத்துக்குக் கட்டியது, சாவியைப் பற்றிச் சொன்ன இரண்டு பொய்கள். நான் பாதி சொல்லும்வரை எஸ்தரின் கைகள் பின்னிக்கொண்டே இருந்தன. பிறகு கட்டைகளின் சத்தம் நின்றுவிட்டது.

நான் திட்டுக்குத் தயாராக இருந்தேன். அவள் திட்டவில்லை.

“நேத்தைக்கே சொல்லியிருந்தா ஒரு நாளு கெடச்சிருக்கும்லா சாரே” என்றாள். “பைசா போனத விடுங்க. ஒரு நாளு போச்சே.”

வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். இந்த ஒரு வாக்கியத்தைப் போல ஒன்றும் சுடவில்லை.

காணிக்கைதானே, நான் போதகரிடம் போய்த் திருப்பிக் கேட்கிறேன் என்றேன். அதுவரை சுவரில் சாய்ந்து நின்ற அன்னம்மாள் அப்போதுதான் வாய் திறந்தாள். கர்த்தருக்குக் கொடுத்தது கொடுத்ததுதான், என் சேவலின் பேரில் கொடுத்ததை யாரும் திருப்பிக் கேட்கக்கூடாது என்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

எஸ்தர் தலையணையை எடுத்து உள்ளே வைத்தாள். சாயங்காலம் வகுப்பைக் கூட்டுங்கள் என்றாள். செவ்வாய்க்கிழமையிலா என்று கேட்டேன். சனிக்கிழமை வகுப்பு நடக்கும்போது என் இடத்தில் வேறொருத்தி வெள்ளைச் சேலை கட்டியிருப்பாள் என்றாள்.

பானை

பதினான்கு பேருக்கு முன்னால் எல்லாவற்றையும் மறுபடியும் சொன்னேன். இரண்டாம் தடவை சொல்வது எளிதாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சொல்லி முடித்ததும் செல்லையாதான் கேட்டான்:

“எத்தன பொய்க்குக் கூவிச்சு?”

இரண்டுக்கு என்றேன்.

“அப்ப பேதுருவ விட ஒண்ணு கொறவுதான்.”

யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தார்கள், எஸ்தரைத் தவிர. அவளுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு நாள், தேவை பன்னிரண்டு ரூபாய்.

பெட்டியில் மற்றவர்கள் பையில் எட்டு ரூபாய்போல இருந்தது. அதை அவளுக்குக் கொடுத்துவிடுங்கள், நான் சம்பளம் வந்ததும் நிரப்புகிறேன், மீதிக்கு ஏதாவது வழி பார்க்கலாம் என்று மெதுவாகச் சொன்னேன். செல்லையா எழுந்து பெட்டியின் மேல் கையை வைத்தான்.

“இதத் தொடப்பிடாது சாரே. ஆவசியத்துக்கு வச்சத ஆபத்துக்கு எடுக்கப்பிடாதுண்ணு நீங்கதான சொன்னிய? இது ஆபத்து. ஆபத்துக்குத்தான் பானை இருக்குல்லா.”

எனக்கு ஒரு கணம் அவன் எந்தப் பானையைச் சொல்கிறான் என்றே புரியவில்லை. பாடம் நடத்தியவன் மறந்துவிட்டான், படித்தவர்கள் வைத்திருந்தார்கள்.

மறுநாள் விடியற்காலையில் பானைகள் வந்தன. மண்பானை, கலயம், ஒரு வீட்டிலிருந்து பெரிய சுரைக்குடுக்கை. ஐந்து மாதத்து ராத்திரிச் சோற்றில் பிடி பிடியாக மிச்சம் பிடித்த அரிசி. பள்ளிக்கூடத் தரையில் பாய் விரித்து, வீடு வீடாக நாழிப்படியால், மேலே குவிந்ததை வழித்துத் தலைதட்டி அளந்து, செல்லையா பெயர் எழுதினான். பச்சரிசி ஒரு பக்கம், புழுங்கல் ஒரு பக்கம், சம்பாவும் கட்டை அரிசியும் கலந்த குவியல் ஒரு பக்கம். எஸ்தரும் தன் பானையைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். உன்னுடையது எதற்கு என்று கேட்டதற்கு, எனக்குத்தானே ஆபத்து என்றாள்.

கோட்டாற்றுச் சந்தைக்கு மாட்டுவண்டி தேவை. ஊரில் வண்டி வைத்திருந்தவர் யோசேப்பு. விஷயம் கேள்விப்பட்டு அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். சந்தைக்குள் நுழையும்போது, ஏலத்தில் அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது வேய் என்றார். நானும் கேட்டிருக்கக் கூடாது என்றேன். அரிசி வியாபாரியிடம் பேரம் பேசியது அவர்தான். அந்தப் பெரிய குரல் அன்றைக்குப் பயன்பட்டது. கலப்பரிசி என்று மூக்கைச் சுளித்தவரிடமிருந்து பன்னிரண்டு ரூபாய் ஆறு சக்கரம் கறந்துவிட்டார்.

வியாழக்கிழமை காலையில் எஸ்தர் அதே வண்டியில் போனாள். போகுமுன் பணத்தை என் முன்னால் எண்ணினாள். ஆறு சக்கரத்தைத் தனியாக எடுத்துச் செல்லையாவிடம் கொடுத்தாள். பூட்டு வாங்க என்றாள்.

தலைதட்டி

செல்லையா பெட்டிக்கு மூன்று பூட்டுப் போட்டான். ஒரு சாவி அவனிடம், ஒன்று லேஸ் பின்னும் இன்னொரு பெண்ணிடம், மூன்றாவது அன்னம்மாளிடம். என் கடன் தீரும்வரை அப்படி என்று வகுப்பு தீர்மானம் போட்டது. என்னை வகுப்பிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. போதகரிடமும் போய்ச் சொன்னேன். அவர் நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். அடுத்த சனிக்கிழமை என்ன பாடம் என்று கேட்டார்.

பணமாக அல்ல, அரிசியாகவே திருப்பித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மாதம் இரண்டு வீடு வீதம் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போவேன். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார வைத்துக் கஞ்சி ஊற்றினார்கள். கொடுத்ததில் பாதி அன்றே என் வயிற்றுக்குள் வந்துவிடும். இந்த வேகத்தில் கடன் எப்படித் தீரும் என்று பயந்தேன்.

சேவலை விற்கவே இல்லை. விடியுமுன் அது கூவும்போதெல்லாம் தெருவில் யாராவது, சாரு எழும்பியாச்சா என்று கேட்பார்கள். என் அறையில் இரண்டு பானைகள் வந்தன.

கடைசிப் பாக்கி எஸ்தருக்கு. இருபது நாழி. மூட்டையைச் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்து வாடை அடிக்கிற தாழ்வாரத்தில் காத்திருந்தேன். வெள்ளைச் சேலையில் வந்தாள். கை நகங்களை ஒட்ட வெட்டியிருந்தாள். முதல் பிரசவம் தனியாகப் பார்த்தாயிற்று, ஆண் பிள்ளை, தாய்க்குச் சுகம் என்றாள். அதைச் சொல்லும்போது முகம் எப்படி இருந்தது என்பதை எனக்கு எழுதத் தெரியவில்லை. அன்றைக்கு நான் வாய்க்குள் கர்த்தருக்கு நன்றி சொன்னேன்.

சமையற்கட்டிலிருந்து நாழியை எடுத்துவந்து அளக்கத் தொடங்கினாள். நான் கும்பாரமாக அளந்து கொண்டுபோயிருந்தேன். அவள் ஒவ்வொரு நாழியையும் உள்ளங்கையால் வழித்துத் தலைதட்டினாள். இருபது முடிந்தபோது பாயில் நாலு நாழிக்கு மேல் மிச்சம் இருந்தது. இருக்கட்டும் என்றேன்.

“நான் தந்தது தலைதட்டித்தான் சாரே. இது ஒங்களுக்குள்ளது.” மிச்சத்தை என் துண்டிலேயே முடிந்து வைத்தாள். முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னாள்: “அம்மைகிட்ட உள்ள சாவிய இனி நீங்க வாங்கி வச்சுக்கிடுங்க. நான் சொன்னேண்ணு சொல்லுங்க.”

அந்தச் சாவியை எத்தனை ராத்திரி நினைத்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. வேண்டும் என்றுதான் வாயில் வந்தது.

“அது அங்கயே இருக்கட்டும் எஸ்தரு” என்றேன். “எனக்கு வகுப்பெடுக்க வாயி போரும்.”

எஸ்தர் சிரித்தாள். ஏலம் நடந்த நாளிலிருந்து அவள் என் முன்னால் சிரித்தது அப்போதுதான். பிறகு அரிசியை வாரி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.